மருந்துப் பயிரும் மலைநாட்டு மனிதரும்

ஒரு திட்டத்தை அதன் எண்களைக் கொண்டு மதிப்பிடுவது பொருளியலாளரின் வேலை. அதன் சொற்களைக் கொண்டு மதிப்பிடுவது இலக்கியத் துறையினரின் கடமை. எந்தச் சொல் அங்கே ஓங்கி ஒலிக்கிறது, எந்தச் சொல் வாய்க்குள்ளேயே விழுங்கப்படுகிறது என்று நோக்கினால், திட்டம் யாருக்காக வகுக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். கஞ்சாவைச் சட்டபூர்வமான ஏற்றுமதிப் பயிராக்கும் முயற்சியை இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

2022 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்ட உரையில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராய நிபுணர் குழுவொன்று அமைக்கும் யோசனை இடம்பெற்றது. 2025 ஆகஸ்டில், மீரிகமையிலுள்ள முதலீட்டுச் சபை வலயத்தில் 64 ஏக்கரில் பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர் எழுவருக்கு அனுமதி வழங்கப்பட்டதாகச் செய்தி வந்தது. ஒவ்வொருவரும் குறைந்தது 50 இலட்சம் டொலர் முதலிட வேண்டும். விதிகளை மீறினால் இழக்க நேரும் பிணையாக 20 இலட்சம் டொலர் வைப்பிலிட வேண்டும். இத்திட்டம் பற்றிய பொதுப்பேச்சில் ஓங்கி ஒலிக்கும் சொற்கள் இவை: டொலர், பாதுகாப்பு, ஏற்றுமதி. தொழிலாளியோ 'வேலைவாய்ப்பு' என்னும் முகமற்ற தொகைச்சொல்லுக்குள் மறைந்துபோகிறான்.

மீரிகமை கம்பஹா மாவட்டத்து ஊர். பதுளைக்கு அதனால் என்ன என்று கேட்கலாம். குளிர்ந்த காலநிலையும், பழைய தேயிலை ஆலைகளும், மலிவாக விலைபேசப்படும் உழைப்பும் ஒருங்கே உள்ள நிலம் ஊவா. முதலீட்டின் கண் நாளை இந்தப் பக்கம் திரும்பாது என்று யார் உறுதி கூற முடியும்? திரும்பிய பின் கேள்வி கேட்பதிலும், திரும்புமுன் கேட்பது அறிவுடைமை.

கஞ்சா என்ற பெயரைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் ஒழுக்கவாதம் நமக்கு உடன்பாடன்று. ஆயுர்வேதம் நெடுங்காலமாக அறிந்த மூலிகை அது. 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் அதைப் பொதுவில் தடைசெய்தது. ஊவாவின் தென்கோடியில், தணமல்வில, வெல்லவாய காடுகளில், மறைவாகப் பயிரான கஞ்சாத் தோட்டங்களை விசேட அதிரடிப் படையினர் அழித்த செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. அங்கே பிடிபடுபவன் பெரும்பாலும் கூலிக்குக் காவலிருந்த ஏழை. பணம் போட்டவன் அல்லன். இப்போது அதே செடிக்குச் சட்டம் வாசற்கதவைத் திறக்கிறது, ஆனால் டொலரோடு வருபவனுக்கு மட்டும். செடியின் குணம் மாறவில்லை. அதைத் தொடுகின்ற கையின் வர்க்கம் மாறியிருக்கிறது. விமர்சகன் முதலில் காண வேண்டிய முரண்பாடு இதுவே.

மலைக்கு மருந்துப் பயிர் வருவது இது முதல் தடவையுமன்று. வெலிமடை செல்லும் பாதையிலுள்ள ஹக்கலைப் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே சிங்கோனாவுக்காகத்தான். மலேரியாவுக்கு மருந்தான குயினைன் அதன் பட்டையிலிருந்து கிடைத்தது. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் முதன்முதலாகக் காணப்பட்ட துரு நோய், சில ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களைச் சுடுகாடாக்கியது. துரைமார் சிங்கோனாவைத் தாவிப் பிடித்தனர். 1880களின் நடுவில் ஏற்றுமதி உச்சத்தைத் தொட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டை உரித்ததால் உலகச் சந்தை நிரம்பி விலை வீழ்ந்தது. மரங்களை வெட்டி வீழ்த்திவிட்டுத் தேயிலை நட்டனர். கோப்பி போயிற்று, சிங்கோனா போயிற்று. மாறாமல் நின்றவை லயனும் பிரட்டுக்களமும் கங்காணியின் கடனும்தாம். பயிர் மாறிய ஒவ்வொரு முறையும் முதலாளியின் இழப்புக்குக் கணக்கு எழுதப்பட்டது. தொழிலாளியின் இழப்புக்கு ஏடே இருக்கவில்லை.

இனி, இன்றைய மருந்துப் பயிர் மண்டபத்துக்குள் வளர்க்கப்படும் விதத்தைப் பார்ப்போம். ஒரே தரமான பூ வேண்டும், பூஞ்சணமும் பூச்சியும் அணுகலாகாது என்பதற்காக, சூரியனையும் காற்றையும் வெளியே நிறுத்திவிட்டு நான்கு சுவர்களுக்குள் செடி வளர்க்கப்படுகிறது. வளரும் பருவத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 18 மணி நேர ஒளி; பூக்கும் பருவத்தில் 12 மணி நேரம். பூக்கும் அறையில் ஒரு சதுர மீற்றருக்கு 400 வாற்று அளவில் விளக்கு எரிகிறது எனக் கொண்டால், 1,000 சதுர மீற்றர் மண்டபம் ஒளிக்கு மட்டும் நாளொன்றுக்கு 4,800 அலகு மின்சாரம் விழுங்கும். விளக்கின் வெப்பத்தைத் தணிக்கவும், செடி குடித்த நீர் ஆவியாகிக் காற்றில் நிறைவதை வாங்கி வெளியேற்றவும் செலவாகும் மின்சாரம் வேறு. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருளில் கிடந்த நாடு இது. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கம் தோண்டப்பட்டபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அதன் உண்மை விலை யாது என்பதை ஊவா மக்களுக்குப் புத்தகம் வைத்துக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஊவாத் தேயிலைக்கு உலகப்புகழ் தந்தது கச்சான் காற்று. ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் அந்த வறண்ட காற்றுக்குத் தோட்டத்துப் பெண்ணின் உதடு வெடிக்கும். கொழுந்தில் மணம் ஏறும். இந்த மண்டபத்துக்கு ஊவாவின் காற்றும் வேண்டாம், ஊவாவின் மண்ணும் வேண்டாம். இவ்விடத்தின் இயற்கையோடு எவ்வித உறவுமற்ற தொழில், இவ்விடத்தை விட்டுப் புறப்படும்போதும் எவ்விதத் தயக்கமுமின்றிப் புறப்படும்.

இது வெறும் ஊகமன்று. கனடாவில் 2018 அக்டோபரில் கஞ்சா சட்டபூர்வமாக்கப்பட்டதும் நிறுவனங்கள் போட்டியிட்டு மண்டபங்களைக் கட்டின. விளைச்சல் தேவையை மிஞ்சியது. 2020 மார்ச்சில் கனொப்பி குரோத் என்னும் நிறுவனம் பிரித்தானிய கொலம்பியாவில் ஏறத்தாழ 30 இலட்சம் சதுர அடிப் பரப்புள்ள இரு கண்ணாடிக் கூடங்களை மூடியது. சுமார் 500 பேர் வேலையிழந்தனர். 2023 பெப்ரவரியில், சிமித்ஸ் ஃபோல்ஸ் என்னும் சிற்றூரில் முன்பு சொக்கிலேற் ஆலையாக இருந்த தன் பெருங்கட்டடத்தையும் மூடுவதாக அறிவித்து, மொத்தம் 800 பேரை நீக்கியது. பழைய சொக்கிலேற் நிறுவனமே கட்டடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. வேலையிழந்தவனுக்கு அப்படி ஓர் உத்தரவாதத்தை எந்தச் சந்தை தரும்?

மண்டபத்துக்குள் நிற்கப்போகும் உடலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பூவை இலை களைந்து சீர்செய்யும் வேலை நுட்பமானது. நாள் முழுதும் கையால் செய்யப்படுவது. கொழுந்து பறித்துப் பழகிய விரல்களையே அது தேடும். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில், 2022 ஜனவரியில், அரைத்த கஞ்சாவின் தூசியால் ஆஸ்துமா கண்ட இளம் பெண் தொழிலாளி ஒருத்தி உயிர் நீத்தாள். கண்காணிப்பும் சட்டமும் மிகுந்த நாட்டிலேயே இந்நிலையெனில், அரைப் பேர் போடுவார்களோ என்ற அச்சத்தில் இருமலை மறைத்து வேலைக்கு வரும் நம் தோட்டத்துப் பெண்ணின் கதி என்ன?

இப்போது அந்த 20 இலட்சம் டொலர் பிணைக்குத் திரும்புவோம். இலை வெளியே கசியலாகாது என்பதற்குப் பிணை கேட்கத் தெரிந்த அரசுக்கு, தொழிலாளி வெளியே வீசப்படலாகாது என்பதற்கும் பிணை கேட்க ஏன் தோன்றவில்லை? அரசின் பொறுப்பிலிருந்த தோட்டங்களிலேயே ஊழியர் சேமலாப நிதி கட்டப்படாமல் தேங்கிக் கிடந்ததை மலைநாடு மறக்கவில்லை. 2026 ஜனவரி முதல் நாட்சம்பளம் 1,750 ரூபாய் என்று 2025 நவம்பரில் அறிவித்தபோதும், அதில் 200 ரூபாயை அரசே வருகைக் கொடுப்பனவாகத் தர வேண்டியிருந்தது. ஒரு நாட்கூலியை உயர்த்த இத்தனை இழுபறி! ஆகவே ஊவாவில் இப்படியொரு மண்டபம் எழுமானால், அனுமதிப் பத்திரத்திலேயே சில நிபந்தனைகள் எழுதப்பட வேண்டும். நிரந்தர நியமனமும் தொழிற்சங்க உரிமையும். மூச்சுப் பரிசோதனையும் தூசி நீக்கும் பொறியும். ஊரின் குடிநீருக்கு முதலிடம். ஆலை மூடப்பட்டால் சம்பளமும் பணிக்கொடையும் தருவதற்கென ஒதுக்கிய தனிப் பிணை. இவற்றை ஏற்க மறுக்கும் முதலீடு மருந்து வணிகமாயினும், மலைநாட்டுக்கு அது நோயே.

என்.எஸ்.எம். இராமையா தம் கதைக்கு 'ஒரு கூடைக் கொழுந்து' என்று பெயர் சூட்டினார். பதுளைச் சீமையில் பிறந்த தெளிவத்தை ஜோசப், லயத்து மனிதரைப் பெயரும் முகமும் உள்ளவராக இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார். ஏற்றுமதிக் கணக்கில் இறாத்தலாகவும் கிலோவாகவும் மட்டும் காணப்பட்ட உழைப்பை அவர்கள் மனித வாழ்வாக மீட்டுத் தந்தனர். அந்த மரபின் வாசகர் நாம். திட்டத்தின் வரைபடத்தில் விளக்குக்கு இடம் உண்டு, செடிக்கு இடம் உண்டு, காவற்காரனுக்கும் கமெராவுக்கும் இடம் உண்டு. தொழிலாளி நிற்கும் இடம் எது என்று கேட்போம். விடை எழுத்தில் கிடைக்கும்வரை, ஊவாவின் ஒரு பேர்ச்சஸ் நிலத்துக்கும் நாம் இணங்கலாகாது.