கழுவப்பட்டன

போன வருஷம் என்னை அதிக நேரம் யோசிக்கவைத்த வாக்கியம் எந்த நாவலிலும் வரவில்லை. ‘மாதிரிக் குப்பிகள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைக்கப்பட்டு, காய்ச்சி வடித்த நீரில் மும்முறை கழுவப்பட்டன.’ அவ்வளவுதான். ஒரு ஆய்வுக்கட்டுரையின் செய்முறைப் பகுதியில் ஆங்கிலத்தில் இருந்த வரி. தமிழாக்கம் என்னுடையது. அதிலுள்ள ‘ஹைட்ரோகுளோரிக்’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் நான்கு மாதமும் ஒரு மனிதரும் இருப்பது, கட்டுரையைப் படிக்கும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

எனக்குத் தெரிந்த கதை இது. கல்லூரித் தோழி ஒருத்தி கொங்குப் பக்கத்துக் கிணறுகளில் நைட்ரேட் அளவு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பத் தயார் செய்யும் கட்டத்தில், படங்களை ஒழுங்காக வரையவும் லேடெக்கில் கோக்கவும் என்னைக் கூப்பிட்டாள். சாப்ட்வேர்காரனை மற்ற துறைக்காரர்கள் இப்படித்தான் மதிக்கிறார்கள், வீட்டில் மிக்ஸி ரிப்பேர் பார்ப்பவர் மாதிரி. போனேன். ஃபோல்டரில் ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘சார் பார்த்தது’, ‘உண்மையான இறுதி’ என்று பதினொரு கோப்புகள். வேலையை விட்டுவிட்டு அவற்றை வரிசையாகப் படிக்க ஆரம்பித்தேன். நல்ல எழுத்தாளரின் கைப்பிரதிகளைப் பார்ப்பதில் கிடைக்கும் திருட்டு சந்தோஷம் அதில் இருந்தது.

முதல் வரைவில் எடுத்த கிணறெல்லாம் விஷம். இந்தியக் குடிநீர்த் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட். இவளுடைய கிணறுகளில் ஏறக்குறைய எல்லாமே அதைத் தாண்டியிருந்தன. தலைப்பிலேயே அபாயச் சங்கு. மூன்றாம் வரைவுக்குப் பிறகு அந்த எண்கள் காணோம். ஐந்தாவதில் ஒரு பத்தி வருகிறது: குப்பிகள் முதலில் நைட்ரிக் அமிலத்தில் கழுவப்பட்டதாகவும், சரியாக அலசப்படாததால் அமிலத்தின் எச்சமே நைட்ரேட்டாக அளவாகிவிட்டதாகவும், நான்கு மாத மாதிரிகளைக் கைவிட்டு மீண்டும் சேகரித்ததாகவும். ஏழாவது வரைவில் அந்தப் பத்தி நீக்கப்பட்டு, ‘நைட்ரிக்’ இருந்த இடத்தில் ‘ஹைட்ரோகுளோரிக்’ மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

கண்டுபிடித்தது யார் என்று கேட்டேன். லேபில் கண்ணாடிச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். ஐம்பது வயதுக்கு மேல், பத்தாவது வரை படித்தவர். ஒருநாள் தானாகவே வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரை மாதிரிக் குப்பியில் ஊற்றி ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் இவளிடம் கொடுத்திருக்கிறார். “இதையும் ஒருக்கா போட்டுப் பாருங்க மேடம்.” போட்டால், தண்ணீரும் விஷம். இவளும் வெற்று மாதிரி வைத்துத்தான் சோதித்தாள், ஆனால் புதிய கண்ணாடிக் குடுவையில். கிணற்றடிக்குப் போய்வந்த குப்பியில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘உண்மையான இறுதி’யில் இதழின் வார்த்தை வரம்பைத் தாண்டி முந்நூறு வார்த்தை இருந்தது. நன்றியுரையில் அண்ணனைப் பற்றி ஒன்றரை வரி. அதை ‘ஆய்வகப் பணியாளர்களுக்கு நன்றி’ என்று சுருக்கியது நான். ஒன்பது வார்த்தை மிச்சம்.

ஆய்வுக்கட்டுரையை ஓர் இலக்கிய வடிவமாக யாராவது விமர்சிக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. கோடிக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்ட வடிவம் இது. அறிமுகம், செய்முறை, முடிவுகள், விவாதம் என நான்கு அறை கொண்ட வீடு, எல்லாருக்கும் ஒரே பிளான். செயப்பாட்டு வினைதான் அதன் மூச்சு. தமிழில் நாம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘தோசை ஊற்றப்பட்டது’ என்று சொல்லும் அம்மா இல்லை. ஆனால் பள்ளி அறிவியல் நோட்டில் ‘சோதனைக் குழாயில் எடுத்துக்கொள்ளப்பட்டது’ என்று எழுதாமல் நம்மில் யாரும் தேறியதும் இல்லை. காண்பன, அறிவன என்று பக்கத்துக்குக் கோடு போட்டு, உப்பு என்னவென்று யாரோ காதில் சொன்ன பிறகு முதலில் ‘அறிவன’வை நிரப்பி, அதற்கேற்ற ‘காண்பன’வை நிதானமாக யோசித்து எழுதிய தலைமுறை நாம்.

உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1963இல் பிபிசி வானொலியில் பேசும்போது கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார்: அறிவியல் கட்டுரை ஒரு மோசடியா? நோபல் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது, கேட்கும் தைரியம் இருந்தது. கட்டுரையில் உள்ள தகவல்கள் பொய் என்று அவர் சொல்லவில்லை. வடிவம் பொய் என்றார். எந்த முன்முடிவும் இல்லாமல் தரவுகளைச் சேகரித்தோம், அவை தாமாகவே முடிவைச் சொல்லின என்பதுபோலக் கட்டுரை நடிக்கிறது. நிஜத்தில் ஊகம்தான் முதலில் வருகிறது, எதைப் பார்ப்பது என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது. ஆகவே விவாதப் பகுதியை முதலில் வையுங்கள் என்பது அவர் யோசனை. நியாயமான வாதம்தான். ஆனால் மெடவாருக்கு சிந்தனையின் வரிசைதான் பிரச்சினை. எனக்கு ஆட்கள்தான் பிரச்சினை.

இந்த வடிவம் பிறக்கும்போதே இப்படி இருக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் பாயில் தன் சோதனைகளை ‘நான்’ போட்டு வளவளவென்று எழுதினார். தோற்றுப்போன சோதனைகளைப் பற்றியே 1661இல் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார். வாசகன் தன் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல நம்ப வேண்டும் என்பதற்காக அந்த வளவளப்பு. அதேசமயம் அவருடைய கருவிகளை உண்மையில் இயக்கியவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு இருந்த உதவியாளர்கள். பெயர் தெரிந்தவர்கள் ராபர்ட் ஹூக் போல மிகச் சிலரே. ஆக, ‘நான்’ இருந்த காலத்திலும் அண்ணன்கள் இல்லை. இலக்கணத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது ஒரு சின்ன அடி.

இந்த வடிவத்தின் திறமையும் கள்ளத்தனமும் ஒன்றாகத் தெரியும் ஒரு படைப்பைக் காட்டச் சொன்னால், 1953 ஏப்ரல் 25 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் வந்த வாட்சன், கிரிக் கட்டுரையைக் காட்டுவேன். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள். ஆயிரம் வார்த்தைகூட இல்லை. படத்தை வரைந்தது கிரிக்கின் மனைவி ஓடில், தட்டச்சு செய்தது வாட்சனின் தங்கை. எழுத்து என்ற அளவில் அபாரம். ஓர் அமைப்பை முன்மொழிய விரும்புகிறோம் என்று சாதுவாகத் தொடங்கி, எதிர்த் தரப்பின் மாதிரிகளை இரண்டு பத்திகளில் ஓரம்கட்டி, தன் மாதிரியை வைத்துவிடுகிறது. மரபணு எப்படித் தன்னைத்தானே நகலெடுக்கிறது என்ற அந்த நூற்றாண்டின் கேள்விக்கு விடை கையில் இருக்கிறது. அதை ஒரே ஒரு அடக்கமான வாக்கியத்தில், இது எங்கள் கண்ணில் படாமல் இல்லை என்ற தொனியில் சொல்லிவிட்டு நகர்கிறது. அந்த அடக்கமும் ஒரு சமரசம்தான். கிரிக் விரிவாக எழுத ஆசைப்பட்டார், தப்பாகிவிடுமோ என்று வாட்சன் பயந்தார்.

இலக்கிய வாசகர்கள் கொண்டாடுவது அந்த வாக்கியத்தை. நான் நின்றது வேறு இரண்டு இடங்களில். அதே இதழில் அடுத்தடுத்து வரும் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர்களின் முடிவுகளின் விவரங்கள், இந்த அமைப்பை உருவாக்கியபோது எங்களுக்குத் தெரியாது என்று ஓரிடத்தில் சொல்கிறார்கள். கடைசியில் நன்றி சொல்லும்போது, வில்கின்ஸ், ஃப்ராங்க்ளின் குழுவினரின் வெளிவராத முடிவுகளின் ‘பொதுவான தன்மை’ தங்களுக்குத் தூண்டுதலாக இருந்தது என்கிறார்கள். நடந்தது என்ன? ரோசலிண்ட் ஃப்ராங்க்ளினின் மேற்பார்வையில் ரேமண்ட் காஸ்லிங் 1952 மே மாதம் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படத்தை, 1953 ஜனவரியில் வில்கின்ஸ் வாட்சனுக்குக் காட்டினார். ஃப்ராங்க்ளினுக்கு அது தெரியாது. அவருடைய அளவீடுகள் இருந்த உள்ளறிக்கை ஒன்று பிப்ரவரியில் மாக்ஸ் பெரூட்ஸ் வழியாகக் கைக்கு வந்தது. இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்று கிரிக் ஊகித்ததே அந்த அறிக்கையில் இருந்த படிகச் சமச்சீர்த் தகவலிலிருந்துதான். இதற்கெல்லாம் ‘பொதுவான தன்மை’ என்று பெயர்! பொய் என்று நேராகச் சொல்லிவிட முடியாத, உண்மை என்றும் சொல்ல முடியாத சொல். எழுதுகிறவனாக எனக்கு அதன் கைத்திறன் புரிகிறது. ஒன்பது வார்த்தை வெட்டியவன்தானே நானும்.

இதைவிட நுட்பமான வேலை அச்சு வரிசையில் நடந்தது. முதலில் வாட்சன், கிரிக். பிறகு வில்கின்ஸ் குழு. மூன்றாவதாக ஃப்ராங்க்ளின், காஸ்லிங். ஃப்ராங்க்ளின் தரப்பின் வரைவு ஒன்றைப் பின்னாளில் ஆரன் க்ளுக் கண்டெடுத்தார். தேதி 1953 மார்ச் 17. கேம்பிரிட்ஜ் மாதிரியைப் பற்றிக் கேள்விப்படும் முன்பே அவர்கள் சுருள் வடிவத்துக்கு வந்து, பாஸ்பேட்டுகள் வெளிப்பக்கம் இருப்பதையும் எழுதிவிட்டிருந்தார்கள். அச்சான கட்டுரையில், தங்கள் கருத்துகள் அந்த மாதிரியோடு முரண்படவில்லை என்று ஒரு வாக்கியம் சேர்ந்திருக்கிறது. அவ்வளவுதான், ஊற்றாக இருந்தது சாட்சியாக மாறிவிட்டது. மூன்று கட்டுரைகளையும் வரிசையாகப் படிக்கும் எவனுக்கும் முதலில் ஞானம், பிறகு அதற்கு ஆதாரம் என்றுதான் தோன்றும். நம்முடைய செய்முறை நோட்டிலேயே ‘அறிவன’வுக்குப் பிறகுதான் ‘காண்பன’ வந்தது, இங்கே அதை உலகமே பார்க்க அச்சடித்தார்கள். ஃப்ராங்க்ளின் 1958இல், 37 வயதில் இறந்தார். நோபல் 1962இல், மூன்று ஆண்களுக்கு. அந்தப் படத்தைப் பார்த்த கதையை வாட்சன் வெளிப்படையாக எழுதியது 1968இல், ‘இரட்டைச் சுருள்’ என்ற நினைவுக்குறிப்பில். கட்டுரை மறைத்ததைச் சொல்ல இன்னொரு வடிவம் தேவைப்பட்டது. அதிலும் ஃப்ராங்க்ளினைச் சித்தரித்த விதம் கேவலம், அது தனிக் கதை.

சரி, எதிர்த்தரப்புக்கும் வக்காலத்து வாங்குகிறேன், ஏனென்றால் என் பிழைப்பே அங்கேதான். எங்கள் தொழிலில் ‘ஸ்குவாஷ்’ என்று ஒன்று உண்டு. ஒரு மாற்றத்தைச் செய்ய நாற்பது கமிட் போட்டிருப்போம். ‘இப்பவாவது ஓடு’, ‘கடவுளே’, ‘முந்தினதை விட்டுடு’ என்றெல்லாம் அவற்றில் குறிப்பு இருக்கும். மற்றவர்கள் பார்வைக்கு வைக்கும்போது நாற்பதையும் நசுக்கி ஒன்றாக்கி, சுத்தமாக ஒரு வரி விளக்கம் எழுதுவோம். பார்க்கிறவருக்கு என் கண்ணீர் வேண்டாம், கோடு ஓடுகிறதா என்பதுதான் வேண்டும். ஆய்வுக்கட்டுரையின் சூடில்லாத மொழியில் இந்த மரியாதை இருக்கிறது. யார் சொன்னார்கள் என்பது முக்கியமில்லை, நீயே செய்து பார் என்கிறது. 1936இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்று ஒரு கட்டுரை அனுப்பினார்கள். ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ ஆசிரியர் அதை மதிப்பீட்டுக்கு அனுப்ப, பெயர் சொல்லாத ஒருவர் பத்துப் பக்கத்துக்குத் தவறுகளை எடுத்துக்காட்டினார். என்னைக் கேட்காமல் எப்படி அடுத்தவரிடம் காட்டலாம் என்று கோபித்துக்கொண்டு ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். வேறு இதழில் அது வெளிவரும்போது முடிவு தலைகீழாக மாறியிருந்தது. மதிப்பீட்டாளர் சொன்னதுதான் சரி. ஐன்ஸ்டைன் என்ற பெயருக்கு அசராத வடிவத்தை நான் மோசடி என்று சொல்லத் தயங்குவேன்.

ஆனால் ஸ்குவாஷ் செய்த பிறகும் எங்களிடம் பழைய கிளை எங்காவது இருக்கும். தோண்டினால் யார் எந்த வரியை எழுதினார் என்பது கிடைக்கும், அந்தக் கட்டளைக்குப் பெயரே ‘பிளேம்’. கட்டுரையில் நசுக்கியது நசுக்கியதுதான். இது வெறும் மனிதாபிமானக் குறை இல்லை. நைட்ரிக் அமிலப் பத்தி அச்சில் இருந்திருந்தால், வேறு ஊரில் வேறு குப்பியைக் கழுவும் ஒரு மாணவிக்கு நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும். ‘ஹைட்ரோகுளோரிக்’ என்ற சொல் எதைச் செய்ய வேண்டும் என்று அவளிடம் சொல்கிறது. ஏன் என்று சொல்லவில்லை. கையில் நைட்ரிக் அமிலம்தான் இருக்கிறது என்றால், இரண்டும் அமிலம்தானே என்று அதையே ஊற்றிவிடுவாள்.

ஆசிரியர் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதற்கு இப்போது விதிகள் இருக்கின்றன. மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழு வகுத்த நான்கு நிபந்தனைகள் பிரபலம்: ஆய்வில் கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியோ திருத்தியோ இருத்தல், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், மொத்தத்துக்கும் பொறுப்பேற்றல். நான்கும் வேண்டும். நம் அண்ணன் முதல் படியிலேயே நிற்பாரா என்று வாதாடலாம். இரண்டாம் படியில் ஆங்கிலம் அவரைத் தள்ளிவிடும். அதே விதியில் இன்னொரு வரியும் உண்டு: பங்களித்த ஒருவருக்கு எழுதவும் திருத்தவும் வாய்ப்பே கொடுக்காமல், அதைக் காரணம் காட்டி அவரை விலக்கக்கூடாது. அந்த வரியை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. துறைத் தலைவரின் பெயர் எந்த நிபந்தனையின் கீழ் வருகிறது என்றும் யாரும் கேட்பதில்லை.

தோழியிடம் இதையெல்லாம் கொட்டினேன். “உனக்கென்னப்பா, நீ கட்டுரை எழுதிட்டுப் போயிடுவ, எனக்குப் பட்டம் வேணும்” என்றாள். நியாயம்தான். ஆனால் இரண்டு நாள் கழித்துப் பன்னிரண்டாவது கோப்பு வந்தது. அமிலப் பத்தியை மூன்று வாக்கியமாகச் சுருக்கித் துணைத் தகவல் கோப்பில் வைத்திருந்தாள், அதற்கு வார்த்தை வரம்பு கிடையாது. நன்றியுரையில் அண்ணனின் பெயர், அவர் செய்த சோதனை என்ன என்பதோடு ஒரு முழு வாக்கியம். இடத்துக்காக அறிமுகத்தில் இருந்த உலகளாவிய நீர்ப் பிரச்சினையை வெட்டியிருந்தாள். அது எல்லாக் கட்டுரைகளிலும் இருப்பதுதான். ஆசிரியர் பட்டியலில் அவரைச் சேர்க்க வழிகாட்டி ஒப்பவில்லை. அவள் இரண்டு முறை கேட்டிருக்கிறாள்.

அனுப்புவதற்கு முந்தைய நாள் பிரிண்ட் எடுத்து அண்ணனிடம் காட்டினோம். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் நாங்கள் காட்டிய வரியை விரலால் தொட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“இனிசியல் தப்பா இருக்குதுங்களே கண்ணு. எஸ் இல்லீங்க, பி.”

லேப்டாப்பைத் திறந்து மாற்றினேன்.