தூரத்து அன்பும் கிட்டத்துச் சுவரும்

திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்தவர் ஸ்டேன் சுவாமி, இயேசு சபைத் துறவி. ராஞ்சியை அடுத்த பகாய்ச்சா மையத்தில் அவர் பார்த்த வேலையில் பக்திப் பரவசம் கிடையாது. விசாரணைக் கைதிகளாக அடைபட்டுக் கிடந்த பழங்குடி இளைஞர்களைப் பற்றித் தகவல் திரட்டினார். அவர்களுக்காக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். கிறிஸ்தவ அன்பின் பலம் எது என்றால் இதைத்தான் காட்டுவேன். கோபம் போராட்டத்தைத் தொடங்கி வைக்கும். முகம் தெரியாதவனின் வழக்குக் கட்டை வருஷக்கணக்கில் புரட்ட அது போதாது.

2020 அக்டோபரில் பீமா கோரேகான் வன்முறை வழக்கில் அவரைத் தேசியப் புலனாய்வு முகமை கைது செய்தது. மாவோயிஸ்ட் தொடர்பு என்ற குற்றச்சாட்டை அவர் மறுத்தார். நடுக்குவாதத்தால் டம்ளரைப் பிடிக்க முடியாத 83 வயதுக்காரர், தண்ணீர் குடிக்க ஸ்ட்ராவும் சிப்பரும் கேட்டு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அதையும் வாரக்கணக்கில் இழுத்தார்கள். 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே இறந்தார்.

அவரைத் தமிழகக் கத்தோலிக்கர்கள் கொண்டாடுவது நியாயம்தான். ஆனால் அவர் பிறந்த மாவட்டத்தின் திருச்சி நகரிலேயே, எடமலைப்பட்டி புதூரிலிருந்து பஸ் ஏறி, மத்திய பேருந்து நிலையம் தாண்டினால் மேலப்புதூர். மரியன்னை பேராலயம் இருக்கும் அதே மேலப்புதூரில், கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளைத் தனியே பிரிக்கச் சுவர் எழுப்பியிருந்தார்கள். 2010இல் அதை இடிக்கப் போய்க் கைதானவர்கள் பெரியார் திராவிடர் கழகத்தினர். கடவுளே இல்லை என்பவர்கள்!

கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கும் 1950ஆம் ஆண்டு ஆணையை எதிர்த்து, திருச்சபை ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறது. தில்லியை எதிர்க்கும்போது அன்புக்கு முதுகெலும்பு இருக்கிறது. சொந்தப் பங்குக் கோயிலில் சாதியை எதிர்க்க வேண்டிவந்தால், அதே அன்பு பொறுமை, மன்னிப்பு, ஒற்றுமை என்று குழையத் தொடங்கிவிடுகிறது. காணிக்கை போடுகிறவர்கள் மனம் நோகக்கூடாதே. பாதிக்கப்பட்டவனையே மன்னிக்கச் சொல்லும் அன்பு, அநீதிக்குத்தான் துணை போகிறது.

விலக்கும் உண்டு. நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் கோயில் கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகக் கட்டப்பட்டது, சாதிக்கு ஒரு பக்கம். நடுச்சுவரை 1910இல் கௌசானல் அடிகளார் இடித்தார். சாதிக்காரர்கள் அவர்மேல் கோபப்பட்டதோடு நிற்கவில்லை, வழக்கும் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள்.