விதூஷகனின் நாற்காலி

மூன்று வருஷங்களுக்கு முன்பு ஒரு வாசகர் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து நின்று என்னைக் கேட்டார்: "இருபது வருஷமாகக் கதை எழுதுகிறீர்களே ஸார், உங்கள் கதையைப் படித்து எது மாறிற்று?" நான் ஏதோ சாமர்த்தியமாகப் பதில் சொன்னேன். கூட்டம் கை தட்டிற்று. அந்த இளைஞர் மட்டும் தட்டவில்லை. வீடு திரும்புகையில் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னது பதிலே அல்ல. அது எனக்குத் தெரிந்தது போலவே அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அந்தக் கேள்வி மனத்தை அரித்துக் கொண்டிருந்த நாட்களில்தான் மார்க் மேரன் என்ற அமெரிக்க ஹாஸ்யக்காரர் நடத்திய பேட்டிகளைக் கேட்க ஆரம்பித்தேன். பாட்காஸ்ட் என்கிறார்களே, வேண்டும்போது செல்போனில் இறக்கிக் கேட்டுக் கொள்வது, அந்த ரகம். பெயர் 'டபிள்யூ. டி. எஃப்.' இந்த மூன்று எழுத்துக்களின் விரிவை நான் எழுதினால் பத்திரிகாசிரியர் அடித்து விடுவார், அடிப்பது நியாயமும்கூட. வியப்பும் எரிச்சலும் கலந்த ஒரு தெருப் பேச்சு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மேரன் முதலில் அரசியல் பேசியவர். 2004-ல் தொடங்கிய ஏர் அமெரிக்கா என்ற ரேடியோவில் காலை நேரத்தில் உட்கார்ந்து அன்றைய அரசாங்கத்தைச் சாடிக் கொண்டிருந்தார். 2009-ல் அந்த ரேடியோவில் இருந்த வேலை போயிற்று. விவாகரத்து, பணமுடை, நாற்பத்தைந்து வயது. அலுவலகத்துக் கதவைத் திறக்கும் அட்டையை மட்டும் யாரும் திரும்பக் கேட்கவில்லை. ராத்திரி எல்லோரும் போன பிறகு அதைக் கொண்டு உள்ளே நுழைந்து முதல் பேட்டிகளைப் பதிவு செய்தார். 2009 செப்டம்பர் 1-ந் தேதி முதல் பேட்டி வெளியாயிற்று. பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் தம் வீட்டுக் கார் ஷெட்டையே பேட்டி அறையாக்கிக் கொண்டார். வாரத்துக்கு இரண்டு பேட்டிகள். பதினாறு வருஷங்களில் ஆயிரத்து அறுநூறுக்கு மேல்.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. உலகத்தைத் திருத்தப் புறப்பட்டு மைக் முன்னால் கத்தியபோது அவர் சாதித்தது கொஞ்சம். எல்லாம் போன பிறகு, எதிரில் இருப்பவனைப் பேச விட்டுக் கேட்க உட்கார்ந்தபோதுதான் ஜனங்கள் வந்தார்கள்.

அவருடைய முறை விசித்திரமானது. விருந்தாளியை அழைப்பதற்கு முன்னால் பத்து நிமிஷம், சில நாள் அதற்கும் மேலே, தம்மைப் பற்றியே பேசுகிறார். தம் கோபம், தம் பொறாமை, விட்டொழித்த போதைப் பழக்கம், தம் பூனைகள். ஆரம்பத்தில் எனக்கு அலுப்புத் தட்டிற்று. மனிதனுக்கு இவ்வளவு தற்பிரதாபமா என்று தோன்றிற்று. பத்துப் பதினைந்து பேட்டிகள் கேட்ட பிறகு அபிப்பிராயத்தை மாற்றிக் கொண்டேன். இவர் சொல்வது பிரதாபமே இல்லை, தோல்விக் கணக்கு. கடன்காரன் தன் கடனை முதலில் சொல்லி விட்டால் எதிரில் இருப்பவனுக்கும் தன் கடனை மறைக்க மனம் வருவதில்லை.

2010-ல் நடிகர் ராபின் வில்லியம்ஸ் பேசிய பேச்சு இதற்கு நல்ல அத்தாட்சி. நிமிஷத்துக்கு மூன்று குரலில் பேசிச் சிரிக்க வைப்பவர் அவர். இங்கே மெல்லிய குரலில் தம் குடிப் பழக்கத்தைப் பற்றியும், பயத்தைப் பற்றியும், சாவைப் பற்றிய எண்ணம் வந்து போனதைப் பற்றியும் சொல்கிறார். 2014-ல் அவர் தற்கொலை செய்து கொண்ட பிறகு மேரன் அதைத் திரும்ப ஒலிபரப்பினார். 2022-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், தேசம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக அதைச் சேர்த்துக் கொண்டது. கலைஞன் தன் சிருஷ்டி எந்தக் கிணற்றிலிருந்து ஊறுகிறது என்று சொல்வதைக் கேட்க வேண்டுமானால் அதைக் கேட்கலாம்.

ஆனால் இந்த முறையிலேயே அதன் குறையும் இருக்கிறது. பல பேட்டிகளில் விருந்தாளியின் கதை மெல்ல மெல்ல மேரனின் கதையாகி விடுகிறது. அவர் தகப்பனாரைப் பற்றி ஆரம்பித்தால் இவர் தகப்பனார் வந்து நிற்கிறார். எதிரில் இருப்பது மனிதனா, நிலைக் கண்ணாடியா என்ற சந்தேகம் வந்து விடுகிறது. சமூகம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

சமூகம் ஒரு நாள் தானாகவே அந்தக் கார் ஷெட்டுக்கு வந்தது. 2015 ஜூன் 19-ந் தேதி ஜனாதிபதி ஒபாமா அங்கே பேட்டி கொடுத்தார். பக்கத்து வீட்டுக் கூரை மேல் காவலுக்குத் துப்பாக்கிக்காரர்கள். தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரத்துக் கறுப்பர்களின் மாதாகோவிலில் வெள்ளை இளைஞன் ஒருவன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்று இரண்டே நாள் ஆகியிருந்தது. நிற வெறியைப் பற்றிப் பேச்சு வந்தது. கறுப்பர்களை இழிக்கும் ஒரு வசைச் சொல்லைச் சபையில் சொல்லாமலிருப்பது மரியாதை. மரியாதை வந்து விட்டதால் வெறி போய் விட்டதாக அர்த்தமில்லை என்று ஒபாமா சொன்னார். சொல்லும்போது அந்த வசைச் சொல்லையே உச்சரித்து விட்டார். பேட்டி வெளியானதும் பத்திரிகைகளும் டெலிவிஷனும் அந்தச் சொல்லைப் பிடித்துக் கொண்டு கூத்தாடின. அவர் சொன்ன விஷயத்தை அவர்களே நிரூபித்தது போலாயிற்று!

அதே பேட்டியில் மாறுதலைப் பற்றி இன்னொன்றும் சொன்னார். பெரிய கப்பலைச் சட்டென்று திருப்ப முடியாது. இரண்டு டிகிரி திருப்பினால் பத்து வருஷம் கழித்து வேறு எங்கோ இருப்போம் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கப்பலின் அடித்தளத்தில் மூச்சுத் திணறுகிறவனுக்குப் பத்து வருஷம் என்பது எவ்வளவு என்று மேரன் கேட்டிருக்க வேண்டும். அழுத்திக் கேட்கவில்லை. தம் வீட்டுக்கு ஜனாதிபதி வந்திருக்கிற பிரமிப்பு அவரை விடவில்லை. நம் நாடகங்களில் விதூஷகன் ராஜாவின் தோழன். ராஜாவைக் கேலி செய்ய உரிமை பெற்றவன். அந்த உரிமையை மேரன் அன்றைக்கு உபயோகப்படுத்தவில்லை.

இங்கேதான் எனக்கு டிக் கிரெகரியின் ஞாபகம் வருகிறது. அவரும் ஹாஸ்யக்காரர், கறுப்பர். 1961-ல் சிகாகோவில் ஒரு ராத்திரிக்கு வேறொருவருக்குப் பதிலாக மேடை ஏறி, தென்பகுதி வெள்ளையர்கள் நிறைந்த சபையைச் சிரிக்க வைத்து ஒரே நாளில் பேர் வாங்கினார். உடனே ஜாக் பாரின் டெலிவிஷன் நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது. நாடு பூராவும் பார்க்கிற நிகழ்ச்சி. கிரெகரி மறுத்து விட்டார். வெள்ளைக்கார ஹாஸ்யக்காரன் மேடையில் பேசி முடித்ததும் ஸோபாவில் வந்து உட்கார்ந்து பாருடன் பேசலாம். கறுப்பன் பேசி முடித்ததும் போய் விட வேண்டும். எனக்கு ஸோபாவில் இடம் உண்டானால் வருகிறேன் என்றார் அவர். பாரே டெலிபோனில் கூப்பிட்டு ஒப்புக் கொண்டார். கிரெகரி போனார், சிரிக்க வைத்தார், உட்கார்ந்தார்.

சிரிக்க வைக்கிறவனை யாரும் சகித்துக் கொள்வார்கள். அவன் உட்கார்ந்து, தன் பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதனாகி விடுவான், அதற்குத்தான் பயம். பேட்டி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ஸோபாவைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

கிரெகரி அந்த ஸோபாவிலேயே தங்கி விடவும் இல்லை. மிஸிஸிப்பி மாகாணத்தில் கறுப்பர்கள் வோட்டுரிமை கேட்டதற்காக ஒரு ஜில்லா நிர்வாகம் ஏழைகளுக்குக் கொடுத்து வந்த உணவை நிறுத்தியபோது, 1963-ல் சுமார் ஏழு டன் உணவை விமானத்தில் கொண்டு போனார். அதே வருஷம் பர்மிங்ஹாமில் சிறை புகுந்தார். பிறகு வியத்நாம் யுத்தத்தை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார். 2017-ல் காலமானார்.

அப்படியானால் கிரெகரி பெரியவர், மேரன் சிறியவர் என்று தீர்ப்பு எழுதி விடலாமா? எனக்குக் கை வரவில்லை. சிறைக்குப் போகிற தைரியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் ஒரு மனிதனை எதிரில் உட்கார வைத்து, அவன் பேசி முடிகிற வரையில் வாயை மூடிக் கொண்டிருக்க எவனும் பழகலாம். மேரன் அதைப் பதினாறு வருஷம் பழகினார். பல நாள் தவறினார், சில நாள் அற்புதமாகச் செய்தார். 2025 அக்டோபர் 13-ந் தேதி கடைசிப் பேட்டி வெளிவந்தது. விருந்தாளி மறுபடியும் ஒபாமாதான். இந்தத் தடவை மேரன் அவருடைய வாஷிங்டன் அலுவலகத்துக்குப் போயிருந்தார்.

அதைக் கேட்டு முடித்த ராத்திரி, அந்த வாசகர் கூட்டம் ஞாபகத்துக்கு வந்தது. எது மாறிற்று என்று கேட்ட இளைஞரிடம், நீங்கள் எது மாற வேண்டும் என்று நினைத்து இதைக் கேட்கிறீர்கள், உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. கை தட்டல் எனக்குப் போதுமானதாக இருந்து விட்டது. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக் கொள்ளவில்லை.