பெயரும் நிழலும்: இளையோர் புனைகதையும் முதிர்ந்த வாசகரும்

முன்னுரை

இளையோர்க்கென எழுதப்பெறும் புனைகதைகளை முதிர்ந்தோர் படிப்பதைப் பொழுதுபோக்காகவோ, கடந்த பருவத்தின் மீதான ஏக்கமாகவோ கருதும் போக்குப் பரவலாக உள்ளது. பதின்பருவத்தினரைத் தனித்த வாசகர் பிரிவாக அமெரிக்க நூலகங்களும் பதிப்பகங்களும் 20ஆம் நூற்றாண்டில் வகுத்துக்கொண்டன. அப்பகுப்பு நூலடுக்கு முறைக்கு உதவுவது. இலக்கியத் தகுதியை அளப்பதன்று. இவ்வகை நூல்களுள் முதிர்ந்தோர்க்கும் உரியதைத் தெரிந்தெடுக்க எதனை அளவுகோலாகக் கொள்ளலாம் என்பதை, உர்சுலா கே. லெ குவின் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' (1968) புதினத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. கட்டுரையாளர் இந்நூலை முதன்முறை படித்தது முப்பது அகவை கடந்த பின்னரே. எனவே இளமை நினைவின் சலுகை இம்மதிப்பீட்டிற்கு இல்லை.

கெட்டின் நிழல்

சிறுவர் பருவம் கடந்தோர்க்கென ஒரு நூல் வேண்டுமெனப் பதிப்பாளர் ஒருவர் கேட்டதன் விளைவாக எழுந்தது இப்புதினம். கோண்ட் தீவில் ஆடு மேய்த்த சிறுவன், பதின்மூன்றாம் அகவையில் ஓகியன் என்னும் ஆசானிடம் 'கெட்' என்னும் மெய்ப்பெயரைப் பெறுகிறான். ஒன்றன் மெய்ப்பெயரை அறிதலே அதன்மீது ஆற்றல் கொள்ளுதல் என்பது அவ்வுலகின் நெறி. ரோக் தீவின் பள்ளியில் உடன்பயில்வோன் ஒருவனின் ஏளனத்தால் தூண்டப்பெற்ற கெட், செருக்கினால் இறந்தோள் ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். அப்பிளவின் வழியே நிழலொன்று வெளிப்பட்டு அவனைத் தாக்குகிறது. பிளவை மூடிய தலைமை ஆசான் உயிர் துறக்கிறார்.

இத்தவற்றை ஆசிரியர் சிறுபிள்ளைத்தனம் என்று மன்னித்து ஒதுக்கவில்லை என்பது கருதத்தக்கது. போன உயிர் மீளவில்லை. முகத்தில் விழுந்த வடுவும் மறையவில்லை. நிழலுக்கு அஞ்சி ஓடியவன், ஓகியனின் அறிவுரையால் திரும்பி நின்று அதனைத் தேடிச் செல்கிறான். இறுதியில் தன் பெயராலேயே அதனை விளிக்கிறான். நிழலும் அதே பெயரை உச்சரிக்கிறது. பகையை வெல்லும் கதையாகத் தோன்றியது தன்னை ஏற்கும் கதையாக நிறைவுறுகிறது. இளம் வாசகரை ஈர்ப்பது இதிலுள்ள துரத்தல் எனலாம். தாம் பெயரிட மறுத்த தவறுகள் பலவற்றைச் சுமந்து வரும் முதிர்ந்த வாசகர்க்கோ இம்முடிவே நூலின் மையமாகிறது.

கூளையனின் பெயர்

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) இளையோர் நூலாக வெளியிடப்பெற்றதன்று. ஆயினும் அதன் மையத்தில் இருப்பவனும் ஆடு மேய்க்கும் சிறுவனே. பண்ணயக்காரரிடம் ஆட்பட்ட அருந்ததியர் சிறுவனான அவனுக்குக் கூளையன் என்றும், அவன் கூட்டாளிகளுக்கு நெடும்பன், மொண்டி, செவிடி என்றும் பெயர்கள் வழங்குகின்றன. உடலைச் சுட்டிப் பிறர் அழைக்கும் பெயர்கள் இவை. கெட்டின் பெயர் அவனுக்குள் இருக்கும் ஆற்றல். கூளையனின் பெயர் அவன்மீது பிறர் கொண்ட ஆற்றல்.

இவ்வொப்பீடு லெ குவினின் எல்லையையும் உணர்த்துகிறது. தன்னைத் தேடிக் கடல் கடப்பதற்கும் ஓர் உரிமை வேண்டும். மாலையில் பட்டியில் ஆடுகளை எண்ணிக் காட்டவேண்டியவனுக்கு அவ்வுரிமை இல்லை. எனவே தவற்றின் விளைவை மட்டுமன்றி, அச்சிறுவனுக்கு வாய்த்த வெளியின் அளவையும் நூல் நேர்மையாகக் காட்டுகிறதா என்பதையும் அளவுகோலில் சேர்த்தல் வேண்டும்.

முடிவுரை

புறநானூற்று 243ஆம் பாடலில், மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளிக் காட்டிய இளமையை ஒரு முதியவர் எண்ணி இரங்குகிறார். அவர்தம் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. முதுமையில் ஊன்றிய கோலே தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் பெயராயிற்று. இளமையை முதுமையின் குரலில் பேசுவதைச் செவ்வியல் மரபு இழுக்காகக் கருதவில்லை என்பதற்கு இப்பாடல் சான்று. எனினும் இரங்கல் மட்டுமே வாசிப்பின் பயனாகிவிடாது. ஆழத்திலிருந்து மணல் வந்ததா என்பதே வினா.

இளையோர் நூல் என்னும் முத்திரையால் முதிர்ந்தோர்க்கு எட்டாமற்போகும் நூல்களும் உண்டு. அம்முத்திரை இன்மையால் பதின்பருவத்தினர்க்கு எட்டாமற்போகும் நூல்களும் உண்டு. தமிழ்த்துறைகள் இவ்விருவகை நூல்களையும் சிறுவர் இலக்கியத் தாளில் ஒதுக்கிவிடாமல் புதினத் தாளில் ஒருங்கே வைத்துப் பயிற்றுவித்தல் பயன் தரும்.