1540-க்குள் அடங்காத உடல்

மீயொலிக் கற்றையைக் குவிக்கப் புது வழி கண்டோம் என்று வரும் கட்டுரைகளில் ஒரு புள்ளியின் படம் தவறாமல் இருக்கும். பழைய முறையில் அது பக்கவாட்டில் இழுபட்டுக் கிடக்கும். புது முறையில் ஊசிமுனை போல நிற்கும். 2016-இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய மீயொலி மாநாட்டை ஒட்டி நடந்த பிக்மஸ் போட்டியும், பிரிதிறனைக் கணினி உருவகத்திலும், உடல் திசுவுக்குப் பதிலாக வார்த்த சோதனைப் பொருளான பேன்டத்திலும் உள்ள புள்ளிகளின் அகலத்தை வைத்தே மதிப்பிட்டது. எல்லா முறைகளையும் ஒப்பிடப் பொதுவான அளவுகோல் வேண்டாமா என்று இதற்கு வக்காலத்து வாங்குகிறார்கள். வேண்டும்தான். ஆனால் இந்த அளவுகோல் நோயாளியின் உடலுக்குப் பொருந்தாது.

எதிரொலி வரவர ஆழத்துக்கேற்பக் குவியத்தை நகர்த்துவதும், பல கோணங்களில் அனுப்பிய தட்டை அலைகளைச் சேர்த்துப் பிக்சல்தோறும் குவிப்பதும் உண்மையான முன்னேற்றங்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் குவிப்பது என்பது அடிப்படையில் ஒரு தாமதக் கணக்கு. ஒரே புள்ளியிலிருந்து கிளம்பிய எதிரொலி, உடல்மேல் வைக்கும் புரோப்பின் ஒவ்வொரு படிகத்தையும் ஒவ்வொரு நேரத்தில் எட்டுகிறது. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக் கூட்டினால்தான் புள்ளி கூர்மையாகும். அதற்கு ஒலியின் வேகம் தெரிய வேண்டும். கருவி நொடிக்கு 1540 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறது. பேன்டத்தையும் அதே 1540-க்குத்தான் வார்க்கிறார்கள். விடையைக் கையில் கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பது போலத்தான் இது.

உடலில் கொழுப்பில் ஒலி சுமார் 1450 மீட்டரிலும், தசையில் சுமார் 1580 மீட்டரிலும் போகிறது. ஒரு படிகத்துக்கு வரும் பாதையில் 2 மில்லிமீட்டர் தசைக்குப் பதில் கொழுப்பு இருந்தால், எதிரொலி 0.11 மைக்ரோநொடி பிந்துகிறது. 5 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு 0.2 மைக்ரோநொடிதான். ஆக, ஒரு படிகத்தின் முகடும் இன்னொன்றின் பள்ளமும் ஒன்றையொன்று அழிக்கின்றன. வெறும் 2 மில்லிமீட்டர்! வயிற்றுச் சுவரில் கொழுப்பும் தசையும் இதைவிடத் தாறுமாறாகக் கலந்து கிடக்கின்றன. எதிரொலியை வாங்கும் படிகங்களின் பரப்பான திறப்பை அகலமாக்கினால் கூர்மை கூடும் என்கிறது பாடப்புத்தகச் சூத்திரம். அகலமாக்கினால் ஒன்றுக்கொன்று ஒவ்வாத பாதைகளும் கூடுதலாக உள்ளே வருகின்றன என்பதை அது சொல்வதில்லை.

கேப்பன் என்பவர் 1969-இல் நில அதிர்வு அலைகளை ஆராயக் கொடுத்த முறையின் வழிவந்த தகவமைப்புக் குவிப்புதான் இன்றைய மோகம். தாமதம் சரியாக இருக்கிறது என்று நம்பி, மற்றதையெல்லாம் இரைச்சலாக எண்ணி அடக்குவது அதன் இயல்பு. தாமதம் பிசகினால் தேடிய எதிரொலியையே அடக்கிவிடும். பேன்டத்தில் அதை வெற்றிபெற வைக்கும் குணமே பருத்த வயிற்றில் அதைக் கவிழ்க்கிறது. ஃபிளாக்ஸ், ஓ'டானல் என்ற ஆய்வாளர்கள் 1988-லேயே அண்டைப் படிகங்களின் சமிக்ஞைகளை ஒப்பிட்டு இந்தப் பிசகைத் திருத்த வழி காட்டினார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை "எதிர்காலப் பணி" என்று கடைசிப் பத்தியில் ஒதுக்குவது நேர்மையில்லை.

ஸ்கேன் அறையில் பித்தப்பைக் கல்லைத் தேடும் மருத்துவர், பருமனான நோயாளியை இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்கிறார், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார், கொழுப்பு நசுங்கும்படி புரோப்பை அழுத்துகிறார். அப்படியும் தெரியாவிட்டால் அதிர்வெண்ணைக் குறைத்து, இருக்கிற கூர்மையையும் விட்டுக்கொடுக்கிறார். பரிசு வாங்கிய ஊசிமுனைப் புள்ளி அவருக்கு எந்த உதவியும் செய்வதில்லை.

அடுத்த போட்டியை நடத்துகிறவர்கள் பேன்டத்தின் மேல் 2 சென்டிமீட்டர் கனத்தில் பன்றியின் வயிற்றுச் சுவரை வைத்து, அதன் வழியாகப் புள்ளியின் அகலத்தை அளக்கட்டும். முதலிடத்தில் இருப்பவர் அங்கேயே இருப்பார் என்று நான் நம்பவில்லை.