பெயரில்லாப் பெண்ணும் பெருநகர்க் கலைக்கூடமும்

சுவரில் ஒட்டிய வாழைப்பழம் ஒன்று 52 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று என்ற செய்தி 2024 நவம்பரில் ஏடுகளில் வந்தபோது, திண்டுக்கல் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் எழுந்த சிரிப்பொலி இன்னும் நம் காதில் ஒலிக்கிறது. சிறுமலைப் பழத்தைச் சீப்புச் சீப்பாய் விற்கும் ஊரல்லவா! “இங்கே தொங்கும் தாரை அங்கே அனுப்பினால் ஊரையே விலைபேசலாமே” என்றார் தோழர் ஒருவர். இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலான், 2019இல் மயாமி நகரில் முதன்முதல் ஒட்டிக்காட்டிய படைப்பு அது. ஏலம் எடுத்தவர் உண்மையில் பெற்றது பழமன்று. எப்படி ஒட்டவேண்டும் என்ற குறிப்பும், உரிமைச் சான்றிதழுமே. நியூயார்க் ஏலக்கூடத்தின் வெளியே அந்தப் பழத்தை 35 சென்ட்டுக்கு விற்றவரோ, வங்கதேசத்திலிருந்து பிழைக்கச் சென்ற முதியவர். மணிக்கு 12 டாலர் கூலிக்கு நின்றவர். விலையைக் கேட்டு அவர் கண்ணீர் விட்டார் என்று அந்நகரத்து ஏடே எழுதிற்று.

சிரித்தோம். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால், சிரித்த வாயோடு, “இக்காலக் கலை முழுவதும் பித்தலாட்டம், பணக்காரன் பொழுதுபோக்கு” என்று தீர்ப்பும் எழுதிவிட்டு எழுந்தார்களே தோழர்கள், அங்கேதான் நாம் வழக்காட விரும்புகிறோம். ஆராயாமல் வணங்குவது அறிவுக்கு இழுக்கு என்கிறோம். ஆராயாமல் தள்ளுவது மட்டும் அறிவுக்கு அணியோ?

நிகழ்த்துகலை என்றொன்று உலகப் பெருநகரங்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வழங்கி வருகிறது. ஓவியனுக்குத் துணி, சிற்பிக்குக் கல். இக்கலைஞனுக்கோ தன் உடலே துணி, தன் உடலே கல். செர்பிய நாட்டில் பிறந்த மரினா அப்ரமோவிச், 2010இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ மூன்று திங்கள் ஒரு நாற்காலியில் வாய்திறவாது அமர்ந்திருந்தார். எதிரே யாரும் வந்து உட்காரலாம், கண்ணோடு கண் நோக்கலாம். அவ்வளவே. அது நம் நெஞ்சைத் தொடவில்லை, மறைப்பானேன்!

தொட்டது வேறு. பெங்களூரில் 1956இல் பிறந்து, பரோடாவில் சிற்பம் பயின்ற புஷ்பமாலா என்ற கலைஞர், ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை ஒரு படத்தொடரை உருவாக்கினார். ‘தென்னிந்திய நாட்டுப் பெண்கள்: பழக்கவழக்கங்கள்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு அதற்கு. வெள்ளை அதிகாரிகள் தம் ஏடுகளுக்கு இட்ட தலைப்பைப் போலவே இருக்கிறதே என்று முகம் சுளிக்க வேண்டா. வேண்டுமென்றே எடுத்து அணிந்த முகமூடி அது.

படங்களில் பெண்கள் பலர், முகம் ஒன்றே. இரவிவர்மா 1889இல் தீட்டிய நிலவொளிப் பெண்ணாக அமர்ந்திருப்பவர் புஷ்பமாலா. தாமரைமேல் நிற்கும் இலக்குமியும் அவரே, வேளாங்கண்ணி மாதாவும் அவரே. தமிழ்ப்படத்தில் சாட்டை சுழற்றிய ஜெயலலிதாவும், திருட்டு வழக்கில் பிடிபட்டுக் காவலர்முன் நிறுத்தப்பட்டவளும் அவரே! தெய்வத்துக்கும் திருடிக்கும் ஒரே மூக்கு, ஒரே விழி. உடையும் திரையும் விளக்கும் மாறினால் ஒருத்தியே வணங்கத்தக்கவளாகவும் வெறுக்கத்தக்கவளாகவும் ஆகிறாள் என்றால், ‘இவள் இன்ன வகை’ என்று பிறப்பிலேயே எழுதிவைத்த ஓலை என்னாவது? பத்துச் சொற்பொழிவு செய்யும் வேலையைப் பத்துப் படம் செய்துவிடுகிறது.

அவற்றினும் நம்மை நிறுத்திவைத்தது ஒரு படம். கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டமிட்ட திரை. அதன்முன் தோடர் குலப் பெண்ணாக அவர் நிற்கிறார். அந்தக் கட்டத் திரை கலைஞரின் கற்பனையன்று. மனிதரை நிறுத்தி உடலளவு எடுப்பதற்கென்று லாம்ப்ரே என்ற ஆங்கிலேயர் 1869இல் வகுத்த முறை அது. நம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோலும் கையுமாகத் தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து, 1909இல் ஏழு தொகுதிகளாக நூல் வெளியிட்டார். மூக்கு அகல அகலச் சமூகத்தில் மதிப்புக் குறையும் என்று அந்நாளில் ரிஸ்லி என்ற அதிகாரி சொல்ல, அறிவியல் என்று அதற்குப் பெயரும் சூட்டினர். மூக்கின் அகலத்தில் மானத்தை அளந்த விந்தையை என்னென்பது! அளக்கப்பட்டவர்களின் மூக்களவு அச்சேறியது. அவர்களுள் எத்தனை பேரின் பெயர் அச்சேறியது?

இனி நம் குறையைச் சொல்கிறோம். புஷ்பமாலா மாலையில் உடையைக் களைந்து வீடு செல்லலாம். அன்று திரைமுன் நிறுத்தப்பட்டவளால் அது முடியாது. படத்துக்குக் கீழே கலைஞரின் பெயர் இருக்கிறது. அவளுக்குப் பெயர் இல்லை, இன்றும் இல்லை. இந்த இடைவெளியை அந்தப் படம் முழுமையாக உணர்ந்ததாக நமக்குப் படவில்லை. ஆனால் ஒன்றைப் பாராட்டவேண்டும். படப்பிடிப்புக்குப் பின்னால் இருந்த ஆட்களையும், திரையையும், விளக்கையும் காட்டும் படங்களையே தொடரின் ஒரு பகுதியாக அவர் வைத்திருக்கிறார். பழம் விற்ற முதியவரை ஏலக்கூடம் வாயிலில் நிறுத்தியது. இவரோ உழைத்த கைகளைச் சட்டகத்துக்குள் அழைத்துக்கொண்டார்.

சரி, இவற்றையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? சென்ற ஆண்டு சென்னையில் ஒரு கலைக்கூடத்துக்குச் சென்றிருந்தோம். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, நம் செருப்பைக் குனிந்து பார்த்த காவலர். கையில் தந்த குறிப்பேட்டில் ஒரு வரி தமிழ் இல்லை! தமிழில் ஏன் இல்லை என்று கேட்டோம். “இதெல்லாம் பொதுமக்களுக்குப் புரியாதுங்க” என்றார் மேசையில் இருந்த இளைஞர், மிகப் பணிவாக. புரியாது! பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம். மாங்காய்ப் பூட்டு எது, மற்றப் பூட்டு எது என்று தொட்டே சொல்வோம். இந்தப் பூட்டு மிகப் பழையது. ஏட்டைப் பூட்டியதும் இதுதான். இதே புஷ்பமாலா பொறுப்பேற்ற 2019ஆம் ஆண்டுச் சென்னை ஒளிப்பட ஈராண்டு விழா, இரயில் நிலையத்திலும் படங்களை வைத்தது. கூடை சுமந்து போகிறவரும் நின்று பார்க்கும் இடமன்றோ அது! அந்த இரயில் திண்டுக்கல்லுக்கு என்று வரும்? இங்குள்ள பள்ளிகளில் ஓவிய வகுப்பே அரைகுறை. 2012இல் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்துக்குப் பகுதிநேரமாக அமர்த்தப்பட்டவர்கள் தூக்கி நிறுத்தும் வகுப்பு அது. அதையும் தேர்வு நெருங்கினால் கணக்குக்குப் பறித்துக்கொள்கிறோம். பறித்தவர்களில் நாமும் உண்டு.

புரியாதாமே, பார்ப்போம் என்று, அந்தத் தோடர் பெண் படத்தின் அச்சுப் படியை ஒன்பதாம் வகுப்புக்கு எடுத்துச்சென்றோம். எதுவும் விளக்கவில்லை. தோல் பதனிடும் தொழிலாளர் பிள்ளைகளும் சின்னாளப்பட்டித் தறிக்காரர் பிள்ளைகளும் கலந்த வகுப்பு. “அந்த அக்கா ஏன் சார் சிரிக்கல?” என்றான் ஒருவன். “அளக்கிறப்ப யாரு சிரிப்பா?” என்றாள் இன்னொருத்தி. அளக்கிறார்கள் என்று நாம் சொல்லவே இல்லை! உற்சாகத்தில் நாம் கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டங்கள் வரைந்து, யாராவது முன்னால் வந்து நில்லுங்கள் என்றோம். வகுப்பு அடங்கிற்று. ஒருவரும் எழவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி வந்தாள். கட்டத்தின்முன் அவள் நிற்கவில்லை. நம் கையிலிருந்த அளவுகோலை வாங்கிக்கொண்டாள்.

“மொதல்ல நீங்க நில்லுங்க சார்” என்றாள்.

நின்றோம். பக்கவாட்டில் திரும்பச் சொன்னாள், திரும்பினோம். நமது மூக்கின் நீளத்தை அவள் உரக்கப் படித்தாள். நாற்பது பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.