தொலைவில் நிற்கும் காமிரா

கிறிஸ்துவின் பாடுகளைத் திரையில் காணும்போது நாம் எங்கே நிற்கிறோம்? இக்கேள்விக்குக் கதையும் உரையாடலும் விடை தருவதில்லை, காமிராவே தருகிறது. தவக்காலத்தில் இயேசுவின் வரலாற்றுப் படங்களைக் கண்டு உள்ளம் உருகும் நாம், அவ்வுருக்கம் எந்தக் கோணத்திலிருந்து நம்மிடம் வரவழைக்கப்பட்டது என ஆராய்வது அரிது. இத்தாலிய இயக்குநர் பியர் பாவ்லோ பசோலினி 1964-இல் எடுத்த மத்தேயு நற்செய்திப் படத்தை முன்வைத்து இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

பசோலினி கவிஞர், மார்க்சியர், தமக்கு இறைநம்பிக்கை இல்லையென வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். 1962 அக்டோபரில் அவர் அசிசி நகரில் தங்கியிருந்தார். திருத்தந்தை 23-ஆம் யோவானின் வருகையால் ஊரே நெரிசலில் திணற, வெளியே செல்லாமல் அறையிலிருந்த நற்செய்தி நூலை எடுத்து வாசிக்கலானார். அவ்வாசிப்பில் கருக்கொண்ட படத்தை, அது முடியுமுன்பே மறைந்துவிட்ட அத்திருத்தந்தையின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட சிறந்த 45 படங்களின் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

படத்தின் உரையாடல் ஏறக்குறைய முழுவதும் மத்தேயுவின் சொற்களே. சொல்லில் கை வைக்க மறுத்தவர் தம் விளக்கவுரையைக் காமிராவினால்தான் எழுத வேண்டியிருந்தது. தொடக்கத்தையே பாருங்கள். இளம் மரியாவின் முகம், அண்மையில். அடுத்து யோசேப்பின் முகம். மீண்டும் மரியா. ஒரு சொல்லும் இல்லை. பின்னர் காமிரா விலகி நின்று மரியாவின் முழு உருவத்தைக் காட்டும்போதுதான் அவர் கருவுற்றிருப்பது நமக்குப் புலனாகிறது. யோசேப்பின் திகைப்பை நாம் முதலில் கண்டோம். காரணத்தைப் பின்னர் அறிந்தோம். வரிசை மாறியிருந்தால் இது வெறும் செய்தியாகியிருக்கும்.

மலைப்பொழிவில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. திரை நிறைய இயேசுவின் முகம் ஒன்றே. ஒளி மாறுகிறது, காற்று வீசுகிறது, பின்னணியில் மின்னல் வெட்டுகிறது. முகம் மட்டும் மாறாமல் பேசிக்கொண்டேயிருக்கிறது. கேட்கும் மக்கள் காட்டப்படுவதில்லை. திரையில் கேட்போர் இல்லாதபோது, கேட்க வேண்டியவர் யார் என்பதை விளக்கவா வேண்டும்?

எனினும் இப்படத்தின் சிகரம் தலைமைக் குரு கயபாவின் முன் நடக்கும் விசாரணை. பிற படங்களில் காமிரா, குற்றம் சாட்டுவோருக்கும் சாட்டப்பட்டவருக்கும் நடுவே உரிமையோடு உலவும். ஒவ்வொரு முகத்தையும் எட்டிப் பிடித்து நமக்குப் பரிமாறும். இங்கோ அது கூட்டத்தின் பின்னே அகப்பட்டு நிற்கிறது. முன்னால் நிற்போரின் தலைகளும் தோள்களும் பார்வையை மறைக்கின்றன. கையில் ஏந்திய காமிராவாதலால், குதிகாலை உயர்த்தி எக்கிப் பார்க்கும் ஒருவனின் பார்வையைப்போல் படம் அசைகிறது. இயேசு தொலைவில் சிறு உருவமாகத் தெரிகிறார், மறைகிறார், மீண்டும் தெரிகிறார். பிலாத்துவின் முன்னும் இதே நிலைதான்.

செய்திப்படத்தின் மெய்ம்மையை இயக்குநர் நாடினார் எனத் திறனாய்வாளர் கூறுவர். சரியே, ஆயினும் அது பாதி விடைதான். பேதுரு தொலைவிலேயே பின்தொடர்ந்து சென்று, முடிவு என்னவாகுமோ எனக் காண முற்றத்தில் காவலரோடு அமர்ந்ததாக மத்தேயு எழுதுகிறார். காமிரா நிற்பது அந்தத் தொலைவில். அது நீதிபதியின் இடமுமன்று, இயேசுவின் இடமுமன்று. அன்பு கொண்டிருந்தும் அஞ்சி ஒதுங்கியவனின் இடம். அங்கே நம்மை நிறுத்திய பிறகு, பேதுரு மறுதலித்து அழும்போது அவரை மட்டும் குறை கூற நமக்கு வாய் வருவதில்லை.

மெல் கிப்சனின் 2004-ஆம் ஆண்டுப் படத்தை இங்கே ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அதில் சாட்டையடியின்போது காமிரா கிழியும் தோலுக்கு அருகிலேயே நிற்கிறது. வேதனை நிதான இயக்கத்தில் நீள்கிறது. உயிர் பிரிந்ததும் விண்ணிலிருந்து நேர்கீழாக நோக்கி, ஒரு துளியோடு சேர்ந்து மண்ணில் விழுகிறது. அப்படத்தைக் கண்டு மனம் வருந்திச் செபித்தோர் பலர். அதனை நாம் எளிதாய் எண்ணவில்லை. ஆனால் தந்தையாம் இறைவனின் பார்வையை ஓர் இயக்குநர் தம் காமிராவுக்கு அத்துணை எளிதில் வழங்கிவிடலாமா என்ற ஐயம் நமக்கு உண்டு. சாட்டையடியைப் பொறுத்தவரை, நம் கண் உடலை விட்டு அகலாதபடி பிடித்துவைக்கப்படுவதால், அடிக்கும் கை யாருடையது என்னும் கேள்வி பின்தங்கிவிடுகிறது.

பசோலினியின் படம் குறையற்றதன்று. ஜூம் லென்ஸ் திடீரென முன்னும் பின்னும் பாயும் இடங்கள் அந்நாளைய மோகமாகவே தோன்றுகின்றன. சீடர்களில் சிலர் கடைசிவரை வெறும் முகங்களாகவே நின்றுவிடுகிறார்கள்.

சிலுவையடியில் நிற்கும் முதிய மரியாவாக நடித்தவர் இயக்குநரின் தாய் சுசன்னா. அவருடைய இளைய மகன் குய்தோ 1945-இல், போர்க்காலத்தில், கொல்லப்பட்டார். விசாரணை முழுவதும் விலகி நின்ற காமிரா, இத்தாயின் முகத்துக்கு மட்டும் தயங்காமல் அருகே வருகிறது.